பஸ் தரிப்பிடத்துப் பனிமேடு

“பஸ் விடுற ஆக்கள் வேற, பனி அள்ளுற ஆக்கள் வேற. உன்ரை பிரெஞ்சைக் கேட்டு எவன் அள்ள வாறான்?” என்று மாமா சிரித்தார். அப்போது எனக்குப் பதினொரு வயது.

எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரியவர்களின் படிப்பைச் சண்டையும் இடப்பெயர்வும் பாதியில் நிறுத்திவிட்டிருந்தன. ஆகவே மொன்றியலில் எங்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சு முழுவதற்கும் நானே பொறுப்பு. அந்தப் பதவியைப் பெருமையாகவே வகித்தேன்.

அந்தக் குளிர்காலம் அப்பாவுக்கு வேலை இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்து வெயர்ஹவுஸில் அம்மா பெட்டி அடுக்கி வாங்கிய சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பனி வாரும் வண்டி தெருவைத் துப்புரவாக்கி, வாரியதை எங்கள் பஸ் தரிப்பிடத்தில் குவித்துவிட்டுப் போகும். அம்மா கட்டையான ஆள். அந்த மேட்டுக்குப் பின்னால் அவர் நிற்பது சாரதிக்குத் தெரியாது. மேட்டில் ஏறி இறங்குவதற்குள் பஸ் போய்விடும். இன்னொரு நாள் பிந்தினால் வேலைக்கு வரவேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

வட்டாரசபைக் கூட்டத்தில் யாரும் பெயர் பதிந்து கேள்வி கேட்கலாம் என்று வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னபோதுதான் மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடலைவடை சுட்டார்.

“வடை என்னத்துக்கம்மா?”

“பெரிய ஆக்களைப் பாக்கப் போகேக்கை வெறுங்கையோடயே போறது?”

கூட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அம்மா நேரே போய் மேயரின் மேசையில் வடைப் பெட்டியை வைத்துவிட்டார். பதவியில் இருப்பவர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று செயலாளர் மெல்லச் சொன்னார். காது சிவக்க மொழிபெயர்த்தேன்.

“அப்ப இருக்கிற சனத்துக்குக் குடு பிள்ளை, ஆறமுந்தி.”

பெட்டி வரிசை வரிசையாகப் போனது. செத்தல் மிளகாய் கடித்த சிலர் இருமினார்கள். நான் கேள்வியைக் கேட்டேன். பஸ் தரிப்பிடம் போக்குவரத்து நிறுவனத்தின் பாடு என்று மேயர் புன்னகைத்தார். மாமா சொன்னதேதான்.

“அப்படியென்றால் அந்தப் பனி யாருடையது, ஐயா?” என்று கேட்டேன்.

பின்வரிசையில் பாதி வடையோடு ஒரு கிபெக் மூதாட்டி எழுந்தார். “நல்ல கேள்வி! நானும் அங்கேதான் விழுந்தேன்.” இன்னொருவர் எழுந்தார். பிறகு அந்த வரிசையே எழுந்தது. மேயர் பேனாவைத் தேடினார்.

அடுத்த பனிக்கு மேட்டை வெட்டி வழி விட்டிருந்தார்கள். அம்மா பஸ்ஸைப் பிடித்தார், வேலையும் பறிபோகாமல் தப்பியது. என் பிரெஞ்சுதான் மேயரை அசைத்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிரெஞ்சு நன்றாகத்தான் இருந்தது, அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேயரின் கண் என்னைத் தாண்டி, எழுந்து நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தது என்பது அப்போது விளங்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் நகரப் போக்குவரத்துப் படித்து முடித்துவிட்டேன். வருகிற வட்டாரசபைத் தேர்தலில் நிற்கிறேன். வேட்புமனுவுக்கு ஆதரவுக் கையெழுத்துக் கேட்டு, இன்று காலை எங்கள் தெருவின் முதல் வீட்டு மணியை அடித்தேன். கதவு திறந்தது.