ஓப்பனா, கூபேயா: ஒரு மெக்கானிக் முழித்த கதை

பாளையங்கோட்டை ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்து என் தலை நரைத்துவிட்டது. தூத்துக்குடியில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் பலர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் என்னிடம் காட்டுவார்கள். வண்டிக்கு அடியில் படுத்து ஒரு பார்வை, ஓட்டி ஒரு சுற்று, அவ்வளவுதான். "வாங்கு", "விடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன வருடம் அந்தக் கர்வம் ஒரே வாரத்தில் காற்றுப் போன டியூப் ஆயிற்று. தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

1. லாரியில் வந்த இரண்டு பேர்

ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டைத் திறக்கப் போனால், வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது. தார்ப்பாயை விலக்கினால் உள்ளே இரண்டு பொடி வண்டிகள். இரண்டும் ஒரே சீமைக் கம்பெனி, ஒரே காலத்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டிலும் இரண்டே சீட். ஒன்றுக்குத் தலைக்கு மேல் மடக்குகிற கேன்வாஸ் டாப். மற்றதற்குத் தகட்டுக் கூரை. முதலாவதை ஓப்பன் என்போம், இரண்டாவதை கூபே என்போம்.

நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே போன் வந்தது. சேவியர் பேசினார். கப்பலில் சீஃப் எஞ்சினியராக இருந்து அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். புன்னைக்காயல்காரர். ஊரே அவரை சீஃப் என்றுதான் கூப்பிடும்.

"அண்ணாச்சி, லாரி வந்துட்டா? கோவில்பட்டி பார்ட்டி ரெண்டையும் அனுப்பியிருக்கான். ஒண்ணுதான் நமக்கு. மத்தது கோயம்புத்தூருக்குப் போவுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லலைன்னா ரெண்டும் போயிரும். நீங்கதான் சொல்லணும்."

"வீட்டுல அம்மா என்ன சொல்லுதாங்க?"

"அவ கூபேங்கா. நான் ஓப்பன்ங்கேன். நேத்து ராத்திரில இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. வேற என்ன கேக்கணும்?"

கல்யாணமாகி முப்பது வருடம். அதில் முக்கால்வாசி அவர் கடலில், அந்த அம்மா கரையில். இப்போதுதான் ஒரே வீட்டில் சேர்ந்தாற்போல் இருக்க ஆரம்பித்திருக்கிறார்கள். சேர்ந்து எடுக்கிற முதல் முடிவிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்குப் பாவமாக இருந்தது. வண்டியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும் என்றும் நினைத்தேன்.

2. நல்லதும் கெட்டதும் பாதிப் பாதி

எங்கள் ஊரில் இரும்பு வாங்குவதும் ஐஸ் வாங்குவதும் ஒன்று. உப்புக்காற்றில் எல்லாம் கரையும். அதனால் எந்த வண்டி வந்தாலும் முதலில் துருத்தான் பார்ப்பேன்.

ஓப்பன் வண்டிக்குள் தண்ணீர் இறங்கி ஃப்ளோர் தகடு ஓட்டையாகியிருக்கும் என்று நினைத்துத்தான் கார்ப்பெட்டைத் தூக்கினேன். தகடு பளபளவென்று இருக்கிறது. நனைந்துவிடும் என்ற பயத்திலேயே கோவில்பட்டி முதலாளி அதை ஷெட்டை விட்டு எடுக்கவில்லையாம். கூபேக்குத்தான் கூரை இருக்கிறதே என்று மழையிலும் சேற்றிலும் ஓட்டியிருக்கிறார். ரப்பர் பீடிங் வழியாகப் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே தகட்டைத் தின்றிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளமாக உடைகிறது.

சரி, ஓப்பன்தான் என்று முடிவு கட்டி அதை ஜாக்கியில் ஏற்றினேன். கதவு சாத்தமாட்டேன் என்கிறது. கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பு பலவீனம். தூக்கினால் நடுவில் தொய்ந்து, கதவு இடுக்கு மாறிவிடும். கார்பரேட்டரும் சரியில்லை, சூடானால் ஐடிலில், அதாவது மெதுவாக ஓடும்போது, நின்றுவிடுகிறது. கூபேயின் சேஸிஸோ இரும்புக் கட்டில், எஞ்சின் தையல் மிஷின். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, அந்தக் கதை.

மூன்று நாள் இரண்டுக்கும் அடியில் மாறி மாறிப் படுத்தேன். காலையில் ஓப்பன் என்பேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூபே என்பேன். வீட்டில் என் மனைவி, "உங்களுக்கு என்ன ஆச்சு, ரசத்துல மோரை ஊத்துதிய?" என்று கேட்டாள்.

3. இரண்டு பக்கமும் இடி

புதன்கிழமை சீஃப் வந்தார். ஓப்பன் வண்டியின் டாப்பை மடக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முப்பது வருஷம் எஞ்சின் ரூம்ல கிடந்தேன் அண்ணாச்சி. கப்பல் எந்தக் கடல்ல போவுதுன்னு எங்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல தகடு, அதுக்கு மேல இன்னொரு தகடு. இனிமே என் தலைக்கு மேல தகடு வேண்டாம்."

அதைக் கேட்டதும் "ஓப்பனையே எடுங்க" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. மறுநாள் அவர் மனைவி செண்பகம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, அந்த ஓப்பன் வண்டி சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா இவுக கேப்பாக."

"சரியில்லன்னு எப்படிம்மா சொல்ல? ஃப்ளோர் அதுலதான் நல்லாருக்கு."

"வெயிலு. ஹார்பர் பக்கம் போனா கரித்தூளு." கொஞ்சம் நிறுத்தி வேறு பக்கம் பார்த்தார். "எல்லாரும் பாப்பாக, அண்ணாச்சி."

கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாவின் கதை எனக்குத் தெரியாததல்ல. தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் போடுகிற ஊர்க்காரர். புன்னைக்காயல் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான். இதெல்லாம் தெரியும். ஆனால் அதற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று என் மண்டையில் ஏறவில்லை.

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. அந்த வாரம் நான்தான் மத்தளம்.

4. அம்மன் ஒரு கட்சி, அந்தோணியார் ஒரு கட்சி

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒன்றாக வந்தார்கள். முகத்தைப் பார்த்தால் இரண்டு பேரும் கஷாயம் குடித்த மாதிரி இருக்கிறார்கள்.

சீஃப் சொன்னார்: "அண்ணாச்சி, கூபேயை எடுத்துக்கிடுதேன்."

செண்பகம்மா சொன்னார்: "அதெல்லாம் வேண்டாம். ஓப்பன்தான்."

எனக்குத் தலை சுற்றியது. "நேத்து வரைக்கும் நீங்க ஓப்பன், அம்மா கூபே. இப்ப என்ன கட்சி மாறிட்டீங்களா?"

விசாரித்தால் விஷயம் இது. கல்யாணம் மாதா கோயிலில் நடந்திருந்தாலும் அந்த அம்மா அம்மனை விடவில்லை, அவரும் விடச் சொல்லவில்லை. காலையில் செண்பகம்மா அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார். சிவப்பு அரளி ஓப்பன், வெள்ளை நந்தியாவட்டை கூபே என்று தனித்தனிப் பொட்டலமாக்கி, சந்நிதியில் போட்டு ஒன்றை எடுத்தால் அரளி. அதே நேரத்தில் சீஃப் அந்தோணியார் சிலை வைத்த கெபியில் ஜெபம் பண்ணி, திருவுளச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்திருக்கிறார். வந்தது கூபே.

"சாமி சொன்ன பொறவு மீற முடியுமா?" என்றார் சீஃப்.

"எனக்கு மட்டும் பிடிச்சா சொல்லுதேன்? அம்மன் வாக்கு" என்றார் அந்த அம்மா.

அவரவர் சாமி அவரவருக்குப் பிடிக்காத வண்டியைக் கொடுத்துவிட்டது. நேற்றுவரை தங்களுக்காகச் சண்டை போட்டவர்கள் இன்றைக்கு சாமிக்காகச் சண்டை போடுகிறார்கள். மறுநாள் லாரி வருகிறது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சீஃப், கோவிச்சுக்கிடாதீங்க. எந்த வண்டியையும் வாங்குங்க. வாங்கிட்டு ரெண்டு பேரும் முதல்ல எங்கனதான் போகப்போறீங்க? அதச் சொல்லுங்க."

"இது என்ன கேள்வி? புன்னைக்காயலுக்குத்தான். ஊர்ல மாதா கோயில் சாமியார்கிட்ட வண்டிய மந்திரிச்சுட்டுத்தான மத்ததெல்லாம்."

செண்பகம்மா குரலை இறக்கிச் சொன்னார். "அதுக்கு எங்க ஊரு வழியாத்தான போவணும்."

சீஃப் வண்டியின் மட்கார்டைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒவ்வொரு லீவுக்கும் வாடகை வண்டிலதான் போவோம் அண்ணாச்சி. அந்த ஊரு வந்ததும் கண்ணாடிய ஏத்திருவா. அவ அண்ணன் கடை வர்றதுக்கு முன்னாடி குனிஞ்சுக்கிடுவா, எதையோ கீழ போட்டுட்டுத் தேடுத மாதிரி. முக்கு திரும்பின பொறவுதான் நிமிருவா. ஒரு நாளும் நான் ஏன்னு கேட்டதில்ல. நான் என்ன களவாண்ட பொருளையா கொண்டு போறேன்?"

"அண்ணன் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்னா நான் என்ன செய்ய?" என்றார் அந்த அம்மா. "பாக்காம இருந்தா, பாத்தா பேசிருவாருன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கலாம்லா."

ஒரு வாரமாக நான் துருவையும் பீடிங்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பேசியது அந்தக் கடை வாசலைப் பற்றி. அதை அளக்க என்னிடம் எந்த கேஜும் இல்லை. "நாளைக்குக் காலைல ரெண்டையும் புன்னைக்காயல் வரைக்கும் ஓட்டிப் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னேன்.

5. பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் ஜெயித்தார். அவர்கள் இருவரும் கூபேயில், நான் டூல்ஸோடு ஓப்பனில் பின்னால். முள்ளக்காடு உப்பளம் தாண்டி, பழையகாயல் தாண்டி, முக்காணியில் ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் கூபே ஓரம் கட்டியது. எஞ்சின் சூடாகிவிட்டதோ என்று நான் இறங்குவதற்குள் செண்பகம்மா இறங்கி என்னிடம் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க அதுல வாங்க. நாங்க இதுல போறோம்."

சீஃப் பின்னாலேயே ஓடி வந்தார். "அம்மன் வாக்குக்காகவா சொல்லுத?"

"சாமிய விடுங்க. குனிஞ்சு குனிஞ்சு எனக்கு முதுகு வலிக்கி."

சொல்லிவிட்டு ஓப்பனில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நான் கூபேயில் பின்தொடர்ந்தேன். பாலத்தில் ஏறும்போது அந்த அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். ஆற்றுக்காற்று அதைத் தள்ளியது. திரும்பவும் போட்டார், திரும்பவும் தள்ளியது. ஊருக்குள் நுழையும்போது அதை இழுத்து இடுப்பில் செருகிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அண்ணனுடைய வாழைத்தார்க் கடைக்கு நேராக ஒரு வேகத்தடை இருக்கிறது. ஓப்பன் அதில் மெதுவாக ஏறி இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. கார்பரேட்டரால் நின்றதா, சீஃப் நிறுத்தினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்.

கூட்டம் கூடிவிட்டது. போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், ஸ்டீயரிங்கைத் தொடுகிறார்கள். நான் கூபேக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே நிற்கிறேன், இதுவும் அதே விலையுயர்ந்த சீமை வண்டிதான், ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

கடையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தார். வேட்டி, தோளில் துண்டு, வாழைக்கறை பிடித்த கை. நான் கண்ணாடியை இறக்கினேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைப் பார்த்தார், மடக்கின டாப்பைப் பார்த்தார். தங்கையைப் பார்க்கவில்லை. செண்பகம்மா குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார், கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அண்ணன் அவர் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஏளா, மழை வந்தா என்ன செய்வ?"

அந்த அம்மா உதட்டைக் கடித்து, கடித்து, கடைசியில் சொன்னார்.

"நனைவேன்ண்ணே."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தங்கையின் தலையில் போட்டார். "வெயிலு மண்டையப் பொளக்கு. வண்டிய அந்த வேப்பமர நிழல்ல நிறுத்தச் சொல்லு உம் மாப்பிள்ளைய."

மச்சானிடம் நேரடியாகப் பேச இன்னும் மனம் வரவில்லை. சீஃப் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இறங்கி, தனி ஆளாக வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். கூட்டத்தில் நாலு பேர் கை கொடுத்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம்தான், ஆனால் துடைத்தது வேர்வையை அல்ல.

மந்திரிப்பு அன்றைக்கு நடக்கவில்லை, அடுத்த வாரம்தான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அண்ணன் வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கூபேயை நான் ஒருவனாக ஓட்டிக்கொண்டு வந்து கோயம்புத்தூர் லாரியில் ஏற்றினேன்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். தொழில் முறைப்படி பார்த்தால் நான் இன்றைக்கும் கூபேதான் என்பேன். ஃப்ளோரை வெட்டிப் புதுத் தகடு வெல்டு பண்ணிவிடலாம், தொய்ந்த சேஸிஸை நிமிர்த்துவது லேசு இல்லை. ஆனால் மூடின வண்டியில் இருக்கிறவளிடம் மழையைப் பற்றி யார் கேட்பார்கள்? இது எந்த மேனுவலிலும் இல்லை. இப்போதும் யாராவது போன் பண்ணி, ஓப்பனா கூபேயா, எது நல்லது என்கிறார்கள். எனக்குச் சத்தியமாகத் தெரியாது. "எங்கன போகணும், யாரப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஜாக்கியைக் கையில் எடுக்கிறேன்.