பின்னால் வரும் சாமான்

லிகாயாவுக்கு ஒரு வேலையையும் வாயை மூடிக்கொண்டு செய்யத் தெரியாது. கனடாவின் வின்னிபெக்கில் ஊரார் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, கொஞ்சியே ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டாள். தன் மகள் ஜோவியைப் பிலிப்பைன்ஸின் பட்டாங்காஸில் தங்கையிடம் விட்டு வந்தபோது குழந்தைக்கு ஆறு வயது. அப்புறம் பாசத்தைக் காட்ட இருந்ததெல்லாம் பெட்டிதான். ஹாலின் மூலையில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி நிற்கும். சோப்பு, சாக்லேட், சட்டை என்று நிரம்பியதும் கப்பலேறும்; உடனே அங்கே புதுப்பெட்டி முளைக்கும். ஷூவை மட்டும் ஓர் அளவு பெரிதாகவே வாங்குவாள். போய்ச் சேர்வதற்குள் பெண் வளர்ந்துவிடுவாளே!

கனடாவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் நாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி, எல்லை அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். கெடு நாளையோடு சரி. அம்மா கையெழுத்துப் போட்ட பிறகுதான் மகள் விமானம் ஏற முடியும். விடியற்காலையிலேயே தோழி நெனிட்டா காரை எடுத்தாள். அவர்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு நூடுல்ஸ் இல்லாமலா? லிகாயா ஒரு டப்பா நிறையக் கிளறி எடுத்துக்கொண்டாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்கக்காரர்கள், வந்து போனதற்கு ஒரு தாளைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கனடா பக்கம் காத்திருந்து காத்திருந்து மதியமாகிவிட்டது. ஒருவழியாகப் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி அவள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பசி தாங்காமல் லிகாயா டப்பாவைத் திறந்தாள்.

"சார், வாங்க, சாப்பிடலாம்!"

அவர் கை நின்றுவிட்டது. "இதை எதுக்கு எனக்குக் குடுக்கறீங்க?"

"அடியக்கா, மூடு டப்பாவை! லஞ்சம்னு நினைக்கிறாரு. கெடுத்தியே காரியத்தை!" என்று நெனிட்டா இடித்தாள்.

லிகாயா அவசரமாக டப்பாவை மூடினாள். ஜோவியின் முகம் கண்முன் வந்து நின்றது. "ஐயோ சார், லஞ்சமெல்லாம் இல்ல! எதிர்ல ஆளை வெச்சுக்கிட்டு, கூப்பிடாம எப்படி வாய்ல வைக்கிறது? எங்க ஊர்ல பஸ்ல பக்கத்துல இருக்கிறவனைக்கூடக் கூப்பிடுவோம். 'பரவால்ல, நீங்க சாப்பிடுங்க'ம்பான். அவ்வளவுதான் சார்!"

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பரவால்ல. நீங்க சாப்பிடுங்க."

"பார்த்தியா, முறை தெரிஞ்ச மனுஷன்!" என்று லிகாயா நெனிட்டாவின் காதில் கிசுகிசுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. "கடைசியா ஒண்ணு. ஊர்லேருந்து உங்க சாமான் ஏதாவது பின்னால வருதா?"

"சாமானா? எல்லாம் இங்கேருந்துதான் சார் அங்க போகும். அங்கேருந்து ஒண்ணும் வராது." கொஞ்சம் யோசித்தாள். "என் பொண்ணு வரா."

அவர் சிரித்துவிட்டார். "அவளை சாமான்ல சேர்க்க முடியாதும்மா. நல்லபடியா வரட்டும்."

வீடு திரும்பியதும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூலையில் பாதி நிரம்பியிருந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சட்டைகளை அலமாரியில் தன் சட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஜோவியின் புது ஷூவை வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.