அந்தரத்தில் நின்ற கோழி

அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் ஸ்டூடியோவில் எல்லோரும் கூப்பிட்டார்கள். கார்ட்டூன் படத்துக்கு அசைவு வரைகிற வேலை. எதையும் வரைவதற்கு முன்னால், மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஆளுயரக் கண்ணாடிமுன் தானே நடித்துப் பார்ப்பாள். நாய் தும்ம வேண்டுமென்றால் அவள் தும்முவாள். வாத்துக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அன்று பக்கத்து மேசைக்காரர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோ எடுத்தது ஒரே ஒரு படம். பறக்கத் தெரியாத ஒரு கோழி, தன்னைக் கேலி செய்தவர்கள் கண்ணெதிரே மணிக்கூண்டில் ஏறிக் குதிக்கிறது. அது தரையிறங்கும் காட்சி இவள் பொறுப்பு. அதற்குள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. படம் வெளியாகும் முன்பே இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்.

"இறங்குறதை ரெண்டாம் பாகத்துக்கு வச்சுக்கலாம். ஜனங்க தவிக்கட்டும்" என்றார்.

ஜனங்கள் தவிக்கவில்லை, திட்டினார்கள். கோழி அந்தரத்தில் நிற்கும்போது தியேட்டரில் விளக்கைப் போட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? படம் வந்த சுவடு தெரியாமல் போனது. பின்னாலேயே ஸ்டூடியோவும் போனது. கண்ணாடிமுன் விழுந்து விழுந்து எழுந்து அவள் கண்டுபிடித்து வைத்திருந்த அந்த இறக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

பிறகு பற்பசை விளம்பரத்துக்குப் பற்களை ஆடவைத்தாள், சோப்பு நுரைக்குக் கண் வைத்தாள். அதுவும் நின்று, வீட்டுக்காரர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் வீடே ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. ஸ்டூடியோவின் சொத்தோடு சேர்த்து அந்தக் கோழியையும் ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. கோழிக்கறியை உறையவைத்து பாக்கெட்டில் விற்கிற கம்பெனி.

"நிரந்தர வேலைங்கறாங்க. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம போயிட்டு வா. என் முதுகும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. வேலை வேண்டும் என்ற முடிவோடுதான் அவள் போனாள்.

விளம்பர மேலாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"படம் பாத்தவங்களுக்கு, கோழி பாதியிலேயே நிக்குதேன்னு ஒரு குறை. அதை நாம தீர்த்து வைக்கிறோம். மேலேருந்து வருது, நேரா வாணலிக்குள்ள விழுது. விழும்போது மொகத்துல ஒரு சிரிப்பு. எப்படி?"

"அது வாணலில விழாது சார்."

"கோழி எங்களோடதும்மா."

"உங்களோடதாவே இருக்கட்டும். ஆனா எப்படி இறங்கும்னு எனக்குத்தான் தெரியும்."

செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் கால் வைத்து மேசைமேல் ஏறினாள். வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த வரவேற்பு மேசைப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். கண்ணாடிக்காரி கைகளைக் கண்டபடி அடித்துக்கொண்டு குதித்து, உருண்டு, சுவரோரம் மல்லாந்து கிடந்தாள். மேலாளர் பதறி எழுந்தார். அப்போது ஒரு கண் மட்டும் திறந்தது. ஒரு கால் ஊன்றியது, அப்புறம் மற்றது. உடம்பை ஒருமுறை உதறி, கழுத்தை வெட்டி வெட்டி நீட்டியபடி, யாரையும் சட்டை செய்யாமல் அவள் மேலாளரைக் கடந்து நடந்தாள். முழங்கையில் ரத்தம் கசிந்தது.

"இப்படித்தான் இறங்கும். வேற எப்படி இறங்கினாலும் அது அந்தக் கோழியில்ல."

மேலாளரின் முகம் கடுகடுத்தது. "உங்களுக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார், ரொம்ப வேணும்." வீட்டுக்காரரின் முதுகு ஞாபகம் வராமலா இருக்கும்? "ஆனா அதை வாணலில போட என் கையால வரைய மாட்டேன்."

"அப்ப கிளம்புங்க."

"அப்ப அது சாகலையாக்கா?" வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு மேலாளர் அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. "தியேட்டர்லேருந்து வீடு வரைக்கும் அழுதுகிட்டே போனேன். அப்புறம் என்னாகும்?"

அதைச் சொல்லாமல் போகிற ஆளா அவள்? மேலாளருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்றாம் பாகத்தை ஆரம்பித்தாள்.