கொடும்பாவிக்குப் போட்ட சட்டை

வாடிப்பட்டிக்கு மேற்கே அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பும்போதே தங்கப்பொண்ணுக்கும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காசுக்கு அழுகிறவள் இல்லை அவள். பங்காளி வீடு, சம்பந்தி வீடு, சண்டைக்கார வீடு என்று எதையும் பார்க்காமல் போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் குரலெடுத்து ஒப்பாரி வைத்தால், வரப்புத் தகராறில் வருஷக்கணக்காக முகம் கொடுக்காத அண்ணன் தம்பிகூடத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிடுவார்கள். அப்படி ஒரு குரல் அது.

அப்படிப்பட்டவள் 2003-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில், “நான் அழ மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். ஊருக்கு அவள் அழுகை அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் பார்த்துத்தான் சொன்னாள்.

மழை அடுத்தடுத்துப் பொய்த்திருந்தது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வரவில்லை. நெல் விளைந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஊரில் ஈரம் இருந்த இடம் ஒன்றே ஒன்று. அது வெள்ளைத்துரையின் தோட்டம். அங்கே மூன்று போர்வெல்கள் ராத்திரி பகலாக ஓடின. ஆனால் பயிருக்கு இல்லை, லாரிக்கு. பரவைப் பக்கம் முளைத்துக்கொண்டிருந்த புதுக் காலனிகளுக்கு அவருடைய டேங்கர் லாரி போய்வந்தபடி இருந்தது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, ஊர்த் தண்ணீர் அவர்களைத் தாண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அவன் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் பின்னாலேயே மாரடித்து, செத்த வீட்டில் அழுவதுபோல அழுதுகொண்டு போவார்கள். கடைசியில் சுடுகாட்டில் வைத்துக் கொளுத்துவார்கள். அந்த அழுகை வானத்துக்குக் கேட்டால் மழை இறங்கும் என்று நம்பிக்கை. வைக்கோல் முழுவதையும் தன் பழைய வைக்கோல்போரிலிருந்து வெள்ளைத்துரையே கொடுத்தார். மழை பெய்யாததால் பிழைக்கிற ஒரே மனுஷன் மழைக்கு வைக்கோல் கொடுத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு யாரிடமும் வைக்கோல் இல்லை, அவ்வளவுதான்.

டீக்கடையில் பேப்பர் படிக்கிற இளவட்டங்களுக்கு வேறு யோசனை தோன்றியது. “எப்பிடியும் எரிக்கப் போறோம், அந்த அமெரிக்காக்காரன் பேரை எழுதித் தொங்கவிட்டு எரிப்போம்ணே. ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்” என்றார்கள்.

“மழைக்குச் செய்யிற காரியத்துல கட்சியக் கொண்டாந்து நொழைக்காதீகடா” என்று பூசாரி விரட்டிவிட்டார்.

அமெரிக்காக்காரன் பேச்சு வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பங்குனியில்தான் ஈராக்கில் சண்டை தொடங்கியது. தங்கப்பொண்ணின் புருஷன் காசிமாயன் அதை ஒட்டிக் கிடக்கிற குவைத்தில் இருந்தான்.

காசிமாயனுக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. கிணறு வற்றியதும் வெள்ளைத்துரையின் டேங்கரைக் கொஞ்ச நாள் ஓட்டினான். தன் கிணற்றை வற்றடித்தவருக்கே தண்ணீர் சுமப்பது தொண்டையில் முள்ளாக நின்றது. ஏஜெண்டைப் பிடித்துக் குவைத்துக்குப் போனான். போன இடத்திலும் அவனுக்குத் தண்ணீர் லாரிதான் கொடுத்தார்கள். “பாலைவனத்துல தண்ணிக்குப் பஞ்சமில்ல தங்கம். பெரியாத்துப் பாசனத்துலதான் பஞ்சம்” என்று போனில் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாமல் கிளம்பியவன், போய் இரண்டு வருஷமாகிறது. போகிற அன்றைக்கு ஏர்போர்ட்டுக்கென்று புதுச்சட்டை மாட்டிக்கொண்டு, அதுவரை போட்டிருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைக் கொடியில் வீசிவிட்டுப் போனான். தங்கப்பொண்ணு அதைத் துவைக்கவில்லை. டீசலும் வேர்வையும் பீடியும் கலந்த அந்த வாசனையோடு மடித்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மனசு தாங்காத நாட்களில் பையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டுக்கொள்வாள். அடிக்கடி திறந்தால் வாசனை போய்விடும் என்று சட்டென்று கட்டியும் விடுவாள். அவனை அவள் அப்படித்தான் சிக்கனமாகச் செலவழித்தாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. சாயங்காலம் சுருளியின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணுவான். சண்டை தொடங்கிய வாரம் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வெள்ளைத்துரை வீட்டு டி.வி.யில் ராத்திரி வானத்தில் நெருப்புக் கோடுகள் பறப்பதைக் காட்டினார்கள். வரைபடத்தில் குவைத் பாக்குச் சீவல் அளவு இருந்தது. இத்தனூண்டு இடத்தில் குண்டு விழுந்தால் ஓடி ஒளிய எங்கே இடம் என்று நினைத்துக்கொண்டாள். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. பரவை மார்க்கெட்டில் வெங்காயம் ஆய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கண்ணில் தண்ணீர் வந்தால்கூட, இது வெங்காயத்துக்கு வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுதுவிட்டால், அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தாள்.

அதனால்தான் பூசாரி வந்து கூப்பிட்டபோது மறுத்தாள்.

“உசுரோட இருக்குற மனுசன அங்கிட்டு வச்சுக்கிட்டு நான் இங்கிட்டு ஒப்பாரி வைக்கவா? ஊருக்கு வேற ஆளா இல்ல?”

“ஆளு இருக்கு. குரலு இல்லையே தாயி. நீ அழுதாத்தான் வானம் எறங்கும்.”

“கூட வாரேன். வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள்.

கொடும்பாவி இழுத்த அன்று மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள். அனல் அடங்காத சாயங்காலம். ஆண்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வட்டம் போட்டு அழுதார்கள். சும்மா சொல்லக்கூடாது, அழுகை படுமோசமாக இருந்தது. ஒருத்திக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். இன்னொருத்தி அழுகைக்கு நடுவில், குழாயில் தண்ணி வந்துருச்சா என்று பக்கத்தில் கேட்டாள். கோயில் முக்கில் கொடும்பாவியை ஒரு புரட்டு புரட்டிப் போட்டார்கள். முகம் மேலே திரும்பியது. கரியால் மீசை வரைந்திருந்தார்கள். உடம்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை இருந்தது.

ஊரில் நீலக் கட்டம் போட்ட சட்டை எத்தனையோ இருக்கும். மார்புப் பையில் சிவப்பு நூலால் பட்டன் தைத்த சட்டை ஒன்றுதான் உண்டு. தைத்தவள் அவள்.

“நிறுத்துங்க!” என்று தங்கப்பொண்ணு கத்தினாள். அதுவரை வாயைத் திறக்காதவள் போட்ட சத்தத்தில் இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். புழுதியில் மண்டியிட்டு, கொடும்பாவியின் சட்டைப் பட்டனை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“எவ குடுத்தா இத? எரிக்கிறதுக்கு எம்புருசன் சட்டைதான் கெடைச்சுதா ஒங்களுக்கு?”

வெள்ளைத்துரை முன்னால் வந்தார். “ஏத்தா, பாதியில நிறுத்துனா ஊருக்கு ஆகாது. ஒரு சட்டைதானே. நாளைக்கே புதுச்சட்டை எடுத்துத் தாரேன், விடு.”

“அம்புட்டு தாராளம் இருந்தா நீங்க போட்டிருக்கிறத இப்பக் கழட்டிக் குடுங்க மாமா. இவனுக்கு மாட்டிவிட்டு எரிப்போம்.”

வெள்ளைத்துரையின் கை தன்னையறியாமல் சட்டைப் பட்டன் மேல் போய், அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மற்ற ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். தன் சட்டை எரிவதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியார் மாயக்காள் வந்தாள். மருமகள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, பட்டன் அவிழ்த்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாந்தேன் குடுத்தேன், தங்கம்.”

தங்கப்பொண்ணு கையை உதறப் பார்த்தாள். மாயக்காள் விடவில்லை.

“ஏதோ அழுக்குச் சட்டைன்னு நெனச்சுக் குடுக்கல. நீ அத மோந்து பாக்குறதையும் பாத்திருக்கேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்.” மாயக்காள் குரலைத் தாழ்த்தினாள். “எம்மகன் தலைக்கு மேல குண்டு பறக்குது. அவனுக்கு ஒரு கண்டம் இருக்குன்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு. அவன் சட்டையப் போட்டுக்கிட்டு இங்க ஒருத்தன் செத்துட்டான்னா, வந்த எமன் கணக்கு முடிஞ்சிருச்சுன்னு இவனக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். அங்க போக மாட்டான். எரியட்டும்த்தா. அவன் வேர்வை ஒட்டுன சட்டைதான் வேணும். வெளுத்த சட்டைன்னா எமனுக்கு அடையாளம் தெரியாது.”

தங்கப்பொண்ணு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளாக ஒரே வீட்டில் சோறு பொங்கி, ஒரே பயத்தைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இப்படியெல்லாம் எமனை ஏமாற்ற முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. முடியாது என்று சொல்லவும் தைரியம் இல்லை. பெரிய பெரிய தேசங்கள் சேர்ந்து மூட்டிய சண்டையை நிறுத்த அந்த இரண்டு பெண்களிடம் வேறு என்ன இருந்தது?

“நெசமாவே செத்தவன்னு எமன் நம்பணும்” என்றாள் மாயக்காள். “இவளுக அழுகுறதப் பாத்தியா? இதுக்கு எமன் வர மாட்டான், எருமைகூட வராது.”

தங்கப்பொண்ணு சட்டையின் கழுத்துப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள். வைக்கோல் நெடிக்கும் புழுதிக்கும் அடியில் கொஞ்சம் டீசல் வாசனை இருந்தது. அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டாள். பிறகு அவிழ்த்த பட்டன்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு, சிவப்பு நூல் பட்டனைத் தடவிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு குரலெடுத்தாள்.

“மழைமுகம் பாத்து மண்ணெல்லாம் காத்திருக்கு,
ஒம்முகம் பாத்து நான் ஒருத்தி காத்திருக்கேன்,
ஊருக்கு ஒரு மழை, எனக்கு நீ ஒரு மழை,
பெய்யாமப் போனியே பெரியாத்து மேகமே…”

ஊர் அதிர்ந்துபோனது. சிரித்தவளும் குழாயைக் கேட்டவளும் இப்போது நிஜமாகவே நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாக அடக்கிவைத்த ஏக்கம், முகம் மறந்துவிடுமோ என்று நடுங்கிய பயம், படுக்கையில் வெறுமையாகக் கிடந்த பாதி இடம் எல்லாம் அந்த ஒப்பாரியில் வெளியே வந்தன. அவள் மழைக்கு அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. மாயக்காள் மட்டும் கூடவே நடந்து, மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டு வந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. ஊர் எல்லையில் நின்று, ஆண்கள் கொண்டுபோனதைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே புகை எழும்பியது.

மழை பெய்யவில்லை. வெள்ளிக்கிழமை போன் வந்தது.

சுருளி தெருமுனையிலிருந்தே கத்தினான். மாமியாரும் மருமகளும் ஓடினார்கள்.

“தங்கம்…”

“நல்லாருக்கீகளா?”

“இருக்கேன். லைனே கெடைக்கல. குண்டு வருதுன்னு சங்கு ஊதுனா பள்ளத்துல எறங்கி ஒக்காந்துக்கிருவோம். வெசக்காத்துக்குன்னு மூஞ்சிக்கு மாட்ட என்னத்தையோ குடுத்திருக்காக, பண்ணி மாதிரி இருக்கு” என்று சிரித்தான்.

“வந்துருங்க” என்றாள். “கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிருவோம். வந்துருங்க.”

“எப்பிடி வர்றது தங்கம்? பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருக்கு. இப்ப எல்லையத் தாண்டி ஈராக்குக்குத் தண்ணி கொண்டுபோகச் சொல்றாக. இன்னும் ஒரு வருசம் பல்லக் கடிச்சுக்க. நம்மூர்ல மழை கிழை உண்டா?”

“இல்ல.”

“சரி. நான் வர்ற அன்னிக்கு அந்தக் கட்டம் போட்ட சட்டைய எடுத்துக்கிட்டு ஏர்போர்ட்டுக்கு வா. எறங்குனதும் அதத்தான் போடணும். பத்திரமா வச்சிருக்கேல்ல?”

கண்ணாடிக்கு வெளியே மாமியார் கையைக் கூப்பி நின்றுகொண்டிருந்தாள்.

“அது இல்லங்க.”

“ஏன், எலி கடிச்சிருச்சா?”

“ஆமா” என்றாள் தங்கப்பொண்ணு. “எலிதான்.”

“போகுது விடு. எலிக்கு நல்ல சட்டை” என்றான் அவன்.

போனை வாங்கிய மாயக்காளுக்குச் “சாப்டியாப்பா” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பூத்தை விட்டு வெளியே வந்ததும், “பாத்தியா, கண்டம் கழிஞ்சிருச்சு” என்று மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எல்லையைத் தாண்டிப் போகச் சொல்கிறார்கள் என்பதைத் தங்கப்பொண்ணு அவளிடம் சொல்லவில்லை. டேங்கர் லாரி ஒன்று தண்ணீர் சிந்திக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அடியில் மஞ்சப்பை தட்டையாகக் கிடந்தது. எடுத்து முகத்தை உள்ளே விட்டாள். துணியில் டீசல் வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் மோந்து பார்க்கவில்லை. அந்த வாசனை இன்னும் ஒரு வருஷத்துக்கு வரவேண்டுமே என்று, வெறும் பையின் வாயை இறுக்கிக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.