எர்சிலியா வீட்டு வீனஸ்

நான் இஸ்திரி போட்டுப் பிழைத்த மாளிகையில்தான் எர்சிலியாவும் குடியிருந்தாள். போலோன்யா நகரத்தின் நடுவில் நானூறு வருஷமாக நிற்கிற மாளிகை. குளிர்காலத்தில் அதிலிருந்த பெரிய நடனக்கூடத்தைச் சூடாக்க முடியாமல், மாளிகைக்குச் சொந்தக்காரி சீமாட்டி ஜினேவ்ரா குறுக்கே ஒரு சுவர் எழுப்பினாள். ஒரு பாதியில் தான் இருந்துகொண்டு, மறுபாதியை எர்சிலியாவுக்கு வாடகைக்கு விட்டாள். கூரையில் தீட்டிய படத்தில் காதல் தேவதை வீனஸ் துணியில்லாமல் சாய்ந்து படுத்திருப்பாள். குறுக்குச் சுவர் வந்து முட்டிய இடம் அவள் இடுப்பு. மேல்பாதி எர்சிலியாவுக்கு, கால்கள் சீமாட்டிக்கு.

எர்சிலியா சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள். குட்டையான ஒண்டிக்கட்டை. அங்கே இருந்த முப்பது வருஷமும் காலையில் எழுந்ததும் வீனஸுக்கு வணக்கம் சொல்வாள். தலை இருப்பவளோடு பேசலாம், வெறும் காலோடு சீமாட்டி என்ன பேசுவாள் என்று என்னிடம் கேட்பாள்.

ஒரு வருஷம் சீமாட்டிக்கு அந்த அறை வேண்டியிருந்தது. எர்சிலியாவின் அடுப்புப் புகையில் படம் பாழாகிறது என்று சொல்லி, படங்களைப் பரிசோதிக்கிற ஓர்லாந்தி என்பவரை வரவழைத்தாள். அவர் ஆமாம் என்றால் எர்சிலியா மூட்டை கட்ட வேண்டும்.

வீனஸின் முகத்துக்கு நேர் கீழே கட்டில். அதில் படுத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும் என்றார் அவர். ஆனால் கட்டில் முழுக்க வெள்ளைத் துணி விரித்து, முட்டை மாவில் நாடா நாடாவாக நறுக்கிய தல்யதெல்லே காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போடச் சொன்னாள் சீமாட்டி.

"இப்ப எடுத்தா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், சீமாட்டி. நானூறு வருஷமா அங்கயேதான் படுத்திருக்கா. இன்னும் ரெண்டு மணி நேரத்துல எழுந்து ஓடிடுவாளா?"

காத்திருந்தார்கள். குடித்தனக்காரி வீட்டு நாற்காலியில் உட்காரக் கூடாதென்று சீமாட்டி நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் ஓர்லாந்தி படுத்துப் பார்த்தார். வீனஸின் கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. என்னதான் செய்கிறாய் என்று கேட்டார்.

"ஈஸ்டருக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி, முந்தின நாள் ரொட்டியோட உள்சதையால ஒத்தி எடுப்பேன், தம்பி. வீட்டை மந்திரிக்க சாமியார் வர்றப்போ இவ மூஞ்சி கழுவாம இருந்தா எனக்குத்தானே அசிங்கம்?"

சாமியார் அந்த வீட்டில் ஒருநாளும் தலை நிமிர்ந்ததில்லை. அது வேறு விஷயம்.

புகைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டதற்குத் திறந்து கிடந்த ஜன்னலைக் காட்டினாள்.

பிறகு மறுபாதியையும் பார்க்க வேண்டும் என்றார் அவர். அங்கே வீனஸ் இடுப்பிலிருந்து கறுப்புக் காலுறை மாட்டியதுபோல இருந்தாள். சீமாட்டி ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாளெல்லாம் சுருட்டுப் பிடிப்பவள்.

"அது அந்தக் காலத்துக் கறை," என்றாள்.

"வாசம் நேத்துதாங்க," என்றார் ஓர்லாந்தி.

எர்சிலியாவின் அறை எர்சிலியாவுக்கே நிலைத்தது. அடுத்த ஈஸ்டருக்கு முன்னால் சீமாட்டியே வந்து கதவைத் தட்டி, கால்களையும் துடைத்துவிடச் சொன்னாள்.

"ரொட்டி தரேன், ஏணியும் தரேன். கீழ நின்னு பிடிச்சுக்கறேன். ஏறுறது நீங்கதான்," என்றாள் எர்சிலியா.

சீமாட்டி ஏறினாள். முதல் நாள் வெளுத்தது வீனஸின் ஒரு கால் சுண்டுவிரல்.