மைக்காரர் கொடுக்கும் நகல்

மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, அதைக் கவ்வியபடியே அறிக்கையின் முதல் வரியைக் கறுப்பாக அடிக்கிறார். 'பொதுமக்கள் பார்வைக்கு' என்பதுதான் அந்த முதல் வரி. அது ஒழிந்தால்தான் அவருக்கு மேற்கொண்டு கை ஓடும்.

சுகாதாரத் துறையின் மூன்றாம் மாடியில் இவருக்கு மைக்காரர் என்று பெயர். தடுப்பூசி போட்ட பிறகு எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வலிப்பு, அப்புறம் என்ன ஆயிற்று என்று மாதாமாதம் ஓர் அறிக்கை வரும். மனு போட்டுக் கேட்பவர்களுக்கு அதன் நகலைக் கொடுப்பது இவர் வேலை. நோயாளிகளின் பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்கிறது சட்டம். மைக்காரருக்குத் தாராள மனசு.

"பேரை மட்டும் அடிச்சா மிச்சத்தைப் படிச்சிட்டுக் கேள்வி கேப்பாங்க சார். முழுசா அடிச்சிட்டா நமக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி."

வீட்டிலும் கை சும்மா இராது என்பது பக்கத்து மேசை அம்மாள் தரும் தகவல். வந்த கல்யாணப் பத்திரிகையில் ஆகாத உறவுக்காரர் பெயரை அடித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாராம். யார் போய்ப் பார்த்தது? ஆனால் நம்பும்படித்தான் இருக்கிறது.

போன வாரம் மனுக்காரர்கள் வரிசையில் இவருடைய மகளே நின்றாள், தோளில் கைக்குழந்தையோடு. முதல் ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்த பிள்ளை. அவள் வந்து நின்றதற்கு மறுநாள் இரண்டாவது ஊசி போட வேண்டும். 'ரெண்டாவது போட்டா பேச்சே வராதாம்' என்று தெருவில் ஒரு புண்ணியவதி கொளுத்திப் போட்டிருந்தாள். மைக்காரர் வழக்கம்போல் நகலை நீட்டினார். உச்சி முதல் பாதம் வரை கறுப்பு.

"இதுல என்னப்பா இருக்கு?"

"பயப்பட ஒண்ணும் இல்லம்மா. எட்டாயிரம் பிள்ளைங்கள்ல முந்நூறுக்குக் காய்ச்சல், ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. ஒண்ணுக்கு வலிப்பு, அதுவும் நல்லாயி வீட்டுக்குப் போயிடுச்சு. தாராளமா போடு."

"நல்ல சேதிதானே? அப்புறம் எதுக்கு அடிச்சீங்க?"

மைக்காரர் மூடியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

"அந்தப் பொம்பளை பொய்யாவது வாயைத் திறந்து சொல்றா. நீங்க உண்மையை வெச்சிக்கிட்டு கரி பூசித் தர்றீங்க. நான் யாரை நம்பி என் பிள்ளைக்கு ஊசி போடுறது?"

"அப்பா நான் சொல்றேன்ல?"

"எனக்கு நீங்க அப்பா. எனக்குப் பின்னாடி நிக்கிறாங்களே, அவங்களுக்கு?"

வரிசை எட்டிப் பார்த்தது. மைக்காரர் எழுந்து வாசலை ஒருமுறை பார்த்தார், மேலதிகாரியின் அறைக்கதவை இருமுறை பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, பெயர்கள் மட்டும் மறைத்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். மகள் குனிந்து, எட்டாயிரத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டினார்கள்.

மைக்காரர் தடுக்கவில்லை. முதல் வரியின் மேல் மட்டும் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.