அறுபது பல் சக்கரமும் ஒன்பது மணி வாசலும்

பைக்கின் பின்சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரத்தை, சங்கிலி ஓடுகிற அந்தச் சக்கரத்தை, ஸ்பிராக்கெட் என்போம். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது நாற்பத்திரண்டு பல். அதைக் கழற்றிவிட்டு அறுபது பல் வைத்தேன். ஸ்டண்ட் ஓட்டுகிறவர்கள் செய்கிற வேலைதான். பல் கூடினால் இழுப்பு கூடும். லேசாக முறுக்கினாலே முன்சக்கரம் மேலே வந்துவிடும். ஆனால் வேகம் குறையும். இதைக் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிறு மதியம் கோவிலூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் நாங்கள் நாலு பேர் முன்சக்கரம் தூக்கிப் பழகுவோம். வேலைவெட்டி இல்லாதவன்கள் என்று ஊரில் பேச்சு. நாலு பேரும் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். நான் காரைக்குடியில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறேன். பேசுகிறவன் வந்து ஒரு நாள் கட்டிப் பார்க்கட்டும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் புதிய ஸ்பிராக்கெட்டையும் அதற்கேற்ற நீளச் சங்கிலியையும் மாட்டி, கோட்டையூர் வரை ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் நூறு காட்டியது. இழுப்பும் வந்தது, வேகமும் போகவில்லை! மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டுப் பீற்றினேன். வீட்டில் மனைவியிடமும் அறுபது பல், அறுபது பல் என்று அவள் தூங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளுக்குத் திருப்பத்தூரில் அரசு வேலைக்கான தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிச் சொற்ப மார்க்கில் விட்டவள். ஆறு மாதமாக அடுப்படியில்கூட வேகம், தூரம், நேரம் என்று கணக்குப் புத்தகத்தோடுதான் நின்றாள். தேர்வு நடக்கும் பள்ளியின் வாசலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள்.

ஏழரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பியவளை நிறுத்தியது நான்தான்.

"எதுக்குப் பஸ்ஸு? இருவது கிலோமீட்டர். எம்பதுல போனா கால் மணி நேரம்."

"நெசமாத்தான் சொல்றீகளா மச்சான்?"

"நேத்து நூறு போச்சுடி."

மீட்டரில் தூரத்தைச் சைபராக்கி, எட்டு முப்பத்தெட்டுக்குக் கிளம்பினோம். தெருமுனையில் பழக்கதோஷம், கிளட்சை வெடுக்கென்று விட்டேன். முன்சக்கரம் எழுந்தது. அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கினாள்.

"எறக்குறீகளா, இல்ல நான் எறங்கவா?"

இறக்கினேன். ஊர் தாண்டியதும் மீட்டர் முள்ளை எண்பதில் நிறுத்திப் பிடித்தேன். என்ஜின் போட்ட சத்தத்துக்கு நாங்கள் பறக்கிறோம் என்றே நினைத்தேன். பின்னால் ஹாரன் கேட்டது. ஒரு தனியார் பஸ் அலட்டிக்கொள்ளாமல் எங்களை முந்திப் போனது.

"மச்சான், நம்ம எம்பதுலதான போறோம்?"

"மீட்டரப் பாரு."

"அப்ப அந்தப் பஸ்ஸு என்ன, ராக்கெட்டா?"

எனக்குப் பஸ் டிரைவர் மேல் கோபம் வந்தது. அவள் என் தோளுக்கு மேலாக மீட்டரை எட்டிப் பார்த்தாள். பிறகு முதுகில் விரலால் குத்தினாள்.

"ரோட்டுக் கல்லு அஞ்சு கிலோமீட்டர் வந்திருக்கோம்ங்குது. ஒங்க மீட்டரு ஏழுங்குது. பொய் சொல்றது கல்லா, மீட்டரா?"

அப்போதுதான் உறைத்தது. என் வண்டியில் மீட்டருக்கு வேகத்தைச் சொல்வது கியர்ப் பெட்டிப் பக்கம் இருக்கிற ஒரு சென்சார். பின்சக்கரத்தில் நான் பல்லை மாற்றியது அதற்குத் தெரியாது. பழைய நாற்பத்திரண்டு பல் என்று நம்பியே அது வேகம் சொல்லிக்கொண்டிருந்தது. இதை அவளிடமும் சொன்னேன்.

"அம்பத்தாறு!" என்று கத்தினாள். "நாப்பத்திரண்டால பெருக்கி அறுவதால வகுத்தா அம்பத்தாறு. நம்ம போற லட்சணம் அதுதான்."

முறுக்கிப் பார்த்தேன். என்ஜின் கதறியது, கால் வைக்கும் கம்பி நடுங்கியது, பின்னால் ஆள் இருக்கிற கனத்தில் முன்சக்கரம் தரையை விட்டுவிடுவேன் என்றது. விலாவில் ஒரு குத்து விழுந்தது.

குன்றக்குடியில் அந்தப் பஸ் ஆள் இறக்கிக்கொண்டு நின்றது.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தும் முன்பே குதித்தாள். ஹெல்மெட்டை என் மடியில் போட்டுவிட்டு, பையைப் பிடித்துக்கொண்டு ஓடிப் படியில் ஏறினாள். விசில் அடித்தது. பஸ் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டி நாலு நிமிடம். வாசல் பூட்டியிருந்தது. அவள் உள்ளே இருக்கிறாளா, அழுதுகொண்டு எங்காவது நிற்கிறாளா, தெரியவில்லை. போன் அணைந்திருந்தது. காவலாளியிடம் கேட்டேன். "இங்குட்டு நிக்காதீக, அங்குட்டுப் போங்க" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எதிர்க் கடையில் நாலு டீ குடித்தேன். காவலாளி மேல் கோபம், டீ மேல் கோபம், ஸ்பிராக்கெட் விற்றவர் மேல் கோபம். என் மேல் வர மதியம் ஆகிவிட்டது.

வாசல் திறந்ததும் கூட்டத்தோடு அவள் வந்தாள். சாலையைக் கடந்து ஓடினேன்.

"பூட்ட ரெண்டு நிமிசம் இருக்கும்போது நொழைஞ்சேன்" என்றாள். "ஒரு வேகக் கணக்கு வந்துச்சு மச்சான். சிரிச்சுக்கிட்டே போட்டேன்."

நான் வண்டியை எடுத்து, பின்சீட்டைத் துடைத்துவிட்டேன். அவள் ஏறவில்லை. பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"நான் பஸ்ஸுல போயிச் சோறாக்கி வக்கிறேன். நீக எம்பதுல வாங்க."

பஸ்ஸின் பின்னாலேயே கிளம்பினேன். ஜன்னலில் இருந்து கை காட்டினாள். பிள்ளையார்பட்டி வருவதற்குள் பஸ் கண்ணைவிட்டு மறைந்தது. மீட்டர் அப்போது எண்பத்தைந்து காட்டியது.